என் மாமனார் பூதமாக இருந்த வாரம்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் தியேட்டர் பலகையில் 'இன்றே கடைசி', 'அரங்கு நிறைந்தது' என்ற இரண்டு வாசகங்கள்தாம். அதுவும் தூரிகையால் எழுதியது. அதனால் என் எழுத்து பெரிது பெரிதாக வருகிறது. ஒரு பக்கத்தில் ஒன்பது வரிக்கு மேல் பிடிக்கவில்லை. இந்த நோட்டு போதாமல் மகனுடைய பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுத வைத்தது என் மாமனாரின் பதினாறாம் நாள் காரியம். அன்று வீட்டுக்கு வந்திருந்த பெரியவர்கள் இருவர் எழுந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். அமைதியானவர், யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொல்லாதவர் என்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் என் கண்முன் நின்றது வேறு. இரண்டு சைக்கிள் விளக்குகளைக் கண்ணாக வைத்து, லோரி டியூபை வெட்டி உதடாகத் தைத்து, வாயை அகலத் திறந்துகொண்டு ஒரு கடல் பூதம் என் முகத்துக்கு நேரே வந்து, "அடிடா! அடிடான்னா! சோறு திங்கலியா நீ?" என்று கத்தியது. அந்தப் பூதம்தான் என் மாமனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரிய வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து மூன்றாம் வருஷம் அது. மலாக்கா டவுனில் ஒரு தியேட்டரில் எனக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை. காலையில் பசை காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினால் மத்தியானம் திரும்புவேன். பிறகு ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே கச்சான் கடலைத் தோலைக் கூட்டிப் பெருக்க வேண்டும். என் சுபாவத்துக்கு ஏற்ற வேலை. சுவரோடு பேச வேண்டியதில்லை, கச்சான் தோலும் பதில் சொல்லாது. மாமா அங்கே இரண்டாம் வகுப்பு வாசலில் டிக்கெட் கிழிப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் முதல் நாளிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிட்டேன். அவர் உண்மையிலேயே மாமாவாக வேண்டும் என்ற ஆசை, அவருடைய மகள் ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது வந்தது. அவர்கள் வீடு காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் பின்னால் இருந்த வாடகை வீடு. டிபன் கேரியரோடு அவள் நடந்தே வருவாள். நான் பசை வாளியோடு நிற்பேன். இரண்டு வருஷத்தில் அவளிடம் ஒரே ஒரு முறை பேசினேன். "மழை வரும்போல இருக்கு" என்றேன். அன்று மழை வரவில்லை. அதற்குப் பிறகு பேசத் துணியவில்லை.

கடைசியில் என் அக்காவை அனுப்பிப் பெண் கேட்கச் சொன்னேன். மாமா அக்காவை உட்காரவைத்து, கோப்பி கொடுத்து, மரியாதையாகப் பேசியிருக்கிறார். "பையன் நல்ல பையன்தாம்மா, குறை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அவன் பேசி நான் கேட்டதே இல்லையே. பொண்ணு கேக்கக்கூட அக்காவைத்தானே அனுப்பியிருக்கான்? நாளைக்கு எவனாவது வாசல்ல வந்து நின்னு சத்தம் போட்டா, அதுக்கும் அக்காதான் வருமா? பார்க்கலாம்." அக்கா இதை என்னிடம் சொல்லும்போது பாதி அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. போதாக்குறைக்கு, பத்து பெரெண்டாம் விமானத் திடலில் வேலை பார்க்கும் ஒரு கிராணி வீட்டாரும் மாமாவின் மகளைப் பெண் கேட்டிருந்தார்கள். கிராணி என்றால் குமாஸ்தா வேலை, வெள்ளைச் சட்டை போடுவான், இங்கிலீஷ் பேசுவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைதான் எங்கள் தியேட்டரில் 'இரும்பு ராஜா' இரண்டாம் பாகம் வெளியாவதாக இருந்தது. இப்போது என் மகன் ரோபோட் என்கிறான். எங்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. தென்னை மரத்தைப்போல் நான்கு மடங்கு உயரமுள்ள ஓர் இரும்பு ஆள், அவன் தலைக்குள் உட்கார்ந்து நெம்புகோலை இழுக்கிற ஒரு நிஜ ஆள், கடலிலிருந்து எழுந்து வந்து ஊரை மிதிக்கிற ஒரு பூதம், இவ்வளவுதான் கதை. முதல் பாகம் முந்தின வருஷம் வந்து மூன்று வாரம் ஓடியது. அதன் கடைசியில் இரும்பு ராஜாவும் பூதமும் கட்டிப் பிடித்தபடி கடலில் மூழ்கிவிடுவார்கள். செத்தவன் எப்படி இரண்டாம் பாகத்தில் வருவான் என்று டவுன் முழுக்க ஒரே விவாதம். இந்த விவாதத்தில் மாமாவுக்குத் தனிக் கட்சி. வாசலில் நின்று முதல் பாகத்தை எல்லாக் காட்சியும் பார்த்தவர் அவர். பார்க்கப் பார்க்கப் பூதத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே வருகிறவர்களிடம் சொல்வார்: "அது பாட்டுக்குக் கடலுக்கு அடியில படுத்துக் கிடந்துச்சு. இவனுங்க போயி குண்டு போட்டு எழுப்புனானுங்க. நம்ம வீட்ல வந்து எவனாவது குண்டு போட்டா நாம எழுந்து வர மாட்டோமா? நாம மட்டும் மெர்டேக்கா கேக்கலாம், பூதம் கேக்கக் கூடாதா?" டிக்கெட் வாங்கியவர்கள் பாதிக் கிழிந்த சீட்டோடு நின்று இதற்குப் பதில் யோசிப்பார்கள். வரிசை பின்னால் தெரு வரை நீளும்.

தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, ஒரு யோசனை செய்தார். ஆறு நாள் லோரியில் ஊர்வலம் போக வேண்டும். நிறுத்துகிற இடமெல்லாம் இரும்பு ராஜாவும் பூதமும் லோரியின் மேலேயே சண்டை போட வேண்டும். கடைசியில் பூதம் மல்லாந்து விழ, இரும்பு ராஜா அதன் நெஞ்சில் கால் வைத்துக் கையைத் தூக்கி நிற்க வேண்டும். மெர்டேக்கா ஊர்வலத்துக்குப் போன அதே லோரி, பக்கப் பலகையில் அப்போது ஒட்டிய வண்ணக் காகிதம் இன்னும் பாதி இருந்தது. மண்ணெண்ணெய் டின்னும் பிஸ்கட் டின்னும் வெட்டிச் செய்த இரும்பு உடம்பு வந்து சேர்ந்தது. ஒல்லியும் உயரமுமாக இருந்த எனக்கு மட்டும்தான் அது பொருந்தியது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பூதம் யார் என்று தவுக்கே கேட்டு முடிப்பதற்குள், "நான்" என்று மாமா முன்னால் வந்து நின்றார். சாக்கில் தைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, பச்சைச் சாயம் பூசிய உடம்பு. ஆறடி வால். அதை மாட்டிக்கொண்டு தியேட்டர் கண்ணாடியில் அவர் தம்மைப் பார்த்துக்கொண்ட பார்வையை, என் கல்யாணத்தன்று பட்டுச் சட்டையில் பார்த்துக்கொண்டபோதுகூட நான் காணவில்லை.

முதல் நாள் தெங்கேராவில் லோரி நின்றது. நல்ல கூட்டம். மாமா உறுமிக்கொண்டு வந்து என் டின் மார்பில் இரண்டு குத்து விட்டார். நான் உதைக்க வேண்டிய முறை. பெண் கேட்டிருக்கிற வீட்டுப் பெரியவரை எப்படி உதைப்பது? மெதுவாகக் காலைத் தூக்கினேன். டின் கால் கனத்தில் கொஞ்சம் வேகமாகவே போய் அவர் தொடையில் பட்டுவிட்டது. அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. நம் வீடுகளில் யார்மீதாவது தெரியாமல் கால் பட்டுவிட்டால் என்ன செய்வோம்? குனிந்து அவரைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நானும் குனிந்தேன், பூதத்தைத் தொட்டேன், கண்ணில் ஒற்றினேன். கண் டின்னுக்குள் இருந்ததால் விரல் டின்னில் பட்டு 'டங், டங்' என்று இரண்டு சத்தம் கேட்டது.

கூட்டத்தில் இருந்த தமிழர்கள் ஒரு கணம் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வடிகால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். லோரி ஓட்டியவர் கம்போங் செட்டிக்காரர். தமிழ் வம்சம்தான், ஆனால் வீட்டில் மலாய்தான் பேச்சு, தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் கால் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, "அலாமாக் தம்பி! ராஜா பெசி மிந்தா மாஅஃப்!" என்று சிரித்தார். இரும்பு ராஜா மன்னிப்புக் கேட்கிறாராம். அடக்கிக்கொள்ளலாம் என்றுதான் அடுத்த உதைக்கும் நினைத்தேன். முடியவில்லை. ஓர் உதை, ஒரு தொடல், டங், டங். இன்னோர் உதை, டங், டங். நெஞ்சில் கால் வைக்கிற இடம் வந்ததும் காலை ஓர் அங்குலம் மேலேயே நிறுத்திக்கொண்டேன். ஒற்றைக் காலில் நின்றதால் தடுமாறி நானே விழுந்தேன். பூதம் எழுந்து என்னைத் தூக்கிவிட்டது. தெங்கேராவில் பார்த்தவர்கள் இரண்டாம் பாகத்தில் பூதம்தான் ஜெயிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பாச்சாங்கில் இன்னொரு விஷயம் பார்த்தோம். முந்தின நாள் அந்தப் பக்கம் ஆட்டம் பார்த்த சீனப் பிள்ளைகள் தெருவில் இரும்பு ராஜா விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனை ஒருவன் உதைப்பதும், உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் விரலை வைத்து வாயால் "டங், டங்" என்பதும். அது இரும்பு ராஜாவின் ஏதோ ஒரு சக்தி என்று நினைத்துவிட்டார்கள். தவுக்கேவுக்குக் கோபம். "இரும்பு ஆளு சண்டை போடணும். கோயில் மாதிரி கும்பிடக் கூடாது லா. நாளைக்கும் கும்பிட்டா நான் வேற ஆளு போட்றேன்" என்றார். அதுகூட எனக்குப் பெரிதில்லை. மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் மரியாதை என்று செய்ததெல்லாம் அவர் கண்ணில் கோழைத்தனமாகத் தெரிந்தது. பத்து பெரெண்டாம் போன அன்று கூட்டத்தில் அந்தக் கிராணியும் வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்தான். ஆட்டம் முடிந்து தலையைக் கழற்றிய மாமா, வேர்வை வழிய என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கிராணி உன்னைப் பார்த்துச் சிரிச்சான். நீ அவனைத் திரும்பிப் பார்த்தியா? இல்லை. குனிஞ்சு என் காலைத் தொட்டே. அடிக்கச் சொன்ன இடத்துலயே அடிக்கத் தெரியலேன்னா, என் மகளுக்கு நீ என்னடா காவல்? ஞாயித்துக்கிழமை அவங்க வராங்க. வந்தா நான் சரின்னுதான் சொல்லப் போறேன்."

அன்று வீடு திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு போனேன். அவரை உதைத்தால் மரியாதை தெரியாதவன். உதைக்காவிட்டால் தைரியம் இல்லாதவன். இரண்டில் எதற்கும் பெண் கிடைக்காது. இதை யாரிடமாவது சொல்லிக் கேட்கலாம் என்றால் எனக்கு அதற்கும் வாய் கிடையாது.

சனிக்கிழமை கடைசி நாள். பிற்பகல் காஜா பேராங்கில், மாமாவின் வீடு இருந்த சந்து முனையிலேயே லோரி நின்றது. தெரிந்த முகங்கள் எல்லாம் இருந்தன. என் அக்கா இருந்தாள். கம்போங் செட்டிப் பெண்கள் கெபாயாச் சட்டையோடு வந்து முன்வரிசையில் நின்றார்கள். சந்துக்குள் மூன்றாவது வீட்டு வாசலில் அவளும் நின்றாள். டின்னில் எனக்குப் பார்ப்பதற்கு என்று வெட்டியிருந்த ஓட்டை ஓர் உள்ளங்கை அகலம்தான். அதில் அவள் மட்டும் சரியாக அடங்கினாள்.

மாமா அன்று நிஜமாகவே அடித்தார். வாலைச் சுழற்றி என் முழங்காலில் விட்டார். கூட்டம் பூதத்துக்குக் கை தட்டியது. நான் பின்னால் போய்ப் பலகையில் இடித்து நின்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த டின்னுக்குள் என் முகம் யாருக்கும் தெரியாது. சிவந்தாலும் தெரியாது, உதடு நடுங்கினாலும் தெரியாது. நான் முன்னால் போய்ப் பூதத்தின் இரண்டு தோளையும் பிடித்தேன்.

"மாமா, உங்க பொண்ணை எனக்குக் குடுங்க."

"என்னடா?" என்றது பூதம். தலை முழுக்கப் பஞ்சு அடைத்திருந்ததால் அவருக்குக் காது கேட்கவில்லை.

"உங்க பொண்ணு, மாமா!"

"கேக்கலடா! சத்தமா சொல்லித் தொலை!"

என் ஆயுளில் அதற்கு முன்பும் பின்பும் அப்படிக் கத்தியதில்லை. "உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுங்க மாமா! கிராணிக்குக் குடுக்காதீங்க!" டின் தலை அந்தக் குரலை இரண்டு மடங்காக்கி வெளியே அனுப்பியது. முன்வரிசையில் கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். லோரி ஓட்டுநர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடி அப்படியே நின்றார். என் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பூதம் என்னைப் பார்த்தது. சைக்கிள் விளக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. "அப்படின்னா உதைடா" என்றது உள்ளிருந்து வந்த குரல். உதைத்தேன். இந்த முறை குறி பார்த்து, பஞ்சு அதிகம் இருந்த வயிற்றில். என் கை பழக்கத்தில் குனியப் போனது. "தொட்டே, கொன்னுடுவேன்" என்றார். கையை இழுத்துக்கொண்டேன். ஆறு நாளில் முதல் முறையாக என் உதைக்குப் பூதம் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதைவிடப் படுத்தது என்று சொல்லலாம். முதலில் உட்கார்ந்து, வாலை ஒழுங்காகப் பக்கத்தில் எடுத்து வைத்து, பிறகு மல்லாந்தது. "காலை வை" என்றார். வைத்தேன். "அழுத்தாதே. இடுப்பு வலிக்குது" என்றார். நான் கையைத் தூக்கி நின்றேன். அன்று எழுந்த சத்தத்தில் பக்கத்துத் தென்னைகளிலிருந்து காகங்கள் கிளம்பிப் போயின. நான் வாசலைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தலையைக் கழற்றியதும் மாமா இரண்டு குவளை தண்ணீர் குடித்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல், "பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு வா. நாளைக்கு வராதே, நாளைக்குப் படம் ரிலீசு" என்றார். கிராணி வீட்டுக்கு அன்று மாலையே ஆள் அனுப்பிவிட்டார். என்ன காரணம் சொல்லி அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. காஜா பேராங்கிலிருந்து பத்து பெரெண்டாமுக்கு அந்தச் சேதி அவர் அனுப்பிய ஆளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்தது. படத்தில் இரும்பு ராஜா கடலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து பூதத்தை ஓங்கி ஓர் உதை விட்டான். விட்டுவிட்டுச் சும்மா நின்றான். இரண்டாம் வகுப்பிலிருந்து ஒருவர் கத்தினார்: "டேய், தொட்டுக் கும்பிடுடா!" அவ்வளவுதான், மூன்று பாஷையிலும் சத்தம் கிளம்பிவிட்டது. அவன் ஒவ்வொரு முறை உதைக்கும்போதும் முழு அரங்கும் "டங், டங்" என்றது. படம் இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியது. கடைசியில் பூதம் சாகாமல் கடலுக்குள் நடந்து போய்விடும். ஒவ்வொரு காட்சியிலும் அந்த இடம் வரும்போது மாமா வாசலை விட்டு உள்ளே வந்து நின்று பார்ப்பார். "மூணாம் பாகம் வரும் பாரு" என்பார். வரவில்லை.

எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. மாமாவோடு எத்தனையோ முறை அந்த வாரத்தைப் பேசிச் சிரித்திருக்கிறோம். என் மனைவி மட்டும் அந்தப் பேச்சு வந்தால் சமையலறைக்குப் போய்விடுவாள். நான் அதையும் வெட்கம் என்றே நினைத்திருந்தேன். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு, அவள் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று நீ ஏன் உள்ளே போனாய் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்க இப்போதுதான் தோன்றியது.

"கோபத்துலதான் போனேன்" என்றாள். "அப்பாவைக் கேட்டீங்க. லோரி மேல நின்னு காஜா பேராங் முழுக்கக் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

டின் தலையும் இல்லை, ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. ஆகவே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஏழு வாரம் ஆகிவிட்டது. இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த நோட்டை எடுத்துக்கொண்டுபோய் அவளுக்கு முதலிலிருந்து இதுவரை படித்துக் காட்டினேன். கிராணியின் வெள்ளைச் சட்டை வந்த இடத்தில் சிரித்தாள். அப்பா வாலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படுத்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படித்து முடித்ததும் நோட்டை மூடிவிட்டு, சாதாரணக் குரலில், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டேன்.

"பார்க்கலாம்" என்றாள்.

1979, ஆகஸ்டு 12, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி வரை பதில் இல்லை.